ஓய்மானாட்டுப் பூக்களும் மகளிர் தீட்டிய செடியோவியமும்

சிறுபாணாற்றுப்படையைப் பயில்வார் அதன் நெய்தல் நிலப் பகுதியில் சிறிது நின்றே மேற்செல்வர். எயிற்பட்டினத்து வழியில் நான்கு பூக்கள் பாணன் கண்முன் வருகின்றன. தாழை அன்னம்போல் மலர்ந்து நிற்கின்றது. செருந்தி பொன்னென மயக்குகின்றது. முண்டகம் ஒளிமிக்க மணியென விளங்குகின்றது. புன்னை முத்துக்களை வைத்தாற்போல அரும்புகின்றது. 269 அடிகளால் ஆகிய இப்பாட்டின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவன் நாட்டுக் கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் கிடங்கல் என்னும் பெயரோடு அடங்கியுள்ளது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரும் புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணிவனம் என்பதன் திரிபு என்று கூறப்படுகின்றது. செடியின் பெயரால் ஊரையும், ஊரின் வழியில் செடியையும் அறிந்த நாடு இது.

இந்நான்கனுள் மூன்று நமக்குத் துன்பம் தருவன அல்ல. தாழையையும் புன்னையையும் மரக்காணத்துக் கடற்கரையில் இன்றும் காணலாம். முண்டகம் என்பது தாமரைக்கும் பெயராதலின் சிறிது தடுமாற்றம் உண்டாயினும், கழிக்கரையைச் சார்த்திக் கூறப்படுமிடத்து அது கழிமுள்ளியே என்று துணியலாம். இடர்ப்பாடு செருந்தியில்தான் எழுகின்றது. இச்சொல் ஒரு மரத்தையும் ஒருவகைக் கோரையையும் குறித்து வழங்கிற்று என்பதைப் பழைய உரைகளாலும் அகராதிகளாலும் அறிகின்றோம். எவ்விடத்து மரம், எவ்விடத்துக் கோரை என்பதைச் சொல் தனித்து நின்று காட்டாது. நத்தத்தனார் காலத்தில் ஒருவர் அப்பூவைக் கண்டு எழுதிய படம் ஒன்று எஞ்சியிருப்பின் இவ்வையம் எழுந்தேயிராது. படம் எஞ்சவில்லை, உவமை எஞ்சிற்று. உவமையாகக் கிடைத்த செடியைப் படமாகக் கிடைத்த செடியோடு ஒப்புநோக்கும்போதுதான் செடியோவியம் என்னும் கலையின் பயன் புலனாகின்றது. அக்கலையை வளர்த்தவருள் பெரும்பகுதியினர் மகளிர் என்பதும், அவருள் ஒருவர் நம் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பதும், அவர்க்குச் செடிநூல் கற்பித்தவர் தமிழ் அகராதி தொகுத்த ஒருவரே என்பதும் தமிழ் ஆராய்ச்சியாளர் கருத்தில் இன்னும் போதிய அளவு பதியவில்லை. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

செடிகளைக் கூர்ந்து நோக்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையதை மரமென்றும் பிரித்து, ஒவ்வொன்றன் உறுப்புக்கும் உரிய சொல் இன்னதென வரையறுக்கின்றது. பனையும் தெங்கும் மரம்போல் உயர்ந்து நின்றும் புல்லின்பாற்படும் என்னும் இக்கொள்கை, ஒரு வித்திலை, இரு வித்திலை என இக்காலச் செடிநூலார் கொள்ளும் பகுப்புக்கு மிக அணுகி வருகின்றது. இரண்டும் முற்றும் ஒன்றெனச் சிலர் கூறுவது மிகையாகும். மரபியல் தண்டின் வன்மையை நோக்கிற்று. இக்காலத்தார் வித்தின் உள்ளமைப்பை நோக்கினர். வழி வேறு, சென்று சேர்ந்த இடம் பெரும்பாலும் ஒன்று.

குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கிக் கூறுபவள் தோழி. தானும் தலைவியும் பறித்துக் குவித்த பூக்களை அவள் செவிலிக்குச் சொல்லுகின்றாள். பாடியவர் கபிலரேயாயினும், தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பெரிய பூப்பட்டியல் ஒரு பெண்ணின் வாய்மொழியாக அமைந்துள்ளமை கருதத்தக்கது. செடிகளைப் பெயரிட்டு அறிவது மகளிர்க்கு இயல்பான அறிவு என்று அப்புலவர் கருதியிராவிடின் அப்பட்டியலைத் தோழி நாவில் வைத்திரார். கபிலர் உயிர்நீத்த இடமாகக் கூறப்படும் கபிலக்கல் தென்பெண்ணையாற்றில் திருக்கோவலூரில் உள்ளது. அவ்வூர் 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரியும் வரை விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கபிலர் அங்குத் தீப்புகுந்த செய்தியை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டும் குறிக்கின்றது.

பெயர் அறிதல் ஒன்று. உருவம் எழுதுதல் மற்றொன்று. ஓவியக்கலை பழந்தமிழகத்து மகளிர்க்குப் புறம்பாக இருந்ததில்லை. நாடகக் கணிகையர் பயின்ற கலைகளுள் ஓவிய நூலையும் ஒன்றாக மணிமேகலை எண்ணுகின்றது. அக்காப்பியமே உவவனத்தின் பூம்பொலிவைக் கைவல்லோர் செய்த சித்திரப் படாத்துக்கு ஒப்பிடுகின்றது. ஆயினும் அவ்வோவியத்தில் பூ அழகின் பொருட்டே எழுதப்பட்டது. இன்ன செடி இன்னதென்று பிரித்தறிதற் பொருட்டு எழுதப்பட்டிலது. அறிதற் பொருட்டு எழுதும் ஓவியம் வேறு வகையினது. அதில் இலையின் நரம்பு எத்தனை, காம்பு இலையடியில் எவ்வாறு பொருந்துகின்றது, புல்லிதழ் பூ உதிர்ந்தபின் நிற்குமோ வீழுமோ, மகரந்தத் தாள்கள் சூலகத்தைச் சுற்றி எவ்வாறு நிற்கின்றன என்பன அனைத்தும் அளவு பிறழாது காட்டப்படல் வேண்டும். பூவைப் பிளந்து உள்ளே கண்டதை ஓரத்தில் தனியே எழுதுவதும் உண்டு. எழுதுபவர் கலைஞர்க்குரிய கையும் நூலறிஞர்க்குரிய கண்ணும் ஒருங்கே உடையராதல் வேண்டும்.

மேலைநாட்டில் இத்துறைக்குள் மகளிர் மிகுதியாக நுழைந்தமைக்குக் காரணம் வெளிப்படை. பல்கலைக்கழகக் கதவு அவர்க்கு அடைபட்டிருந்தது. பூ எழுதுதலோ நற்குடி மகளிர்க்கு ஏற்ற அணிகலமாக எண்ணப்பட்டது. முன்வாயிலில் தடுக்கப்பட்டோர் அணிகலமாகக் கொடுக்கப்பட்ட தூரிகையையே திறவுகோலாகக் கொண்டு பக்கவாயிலால் உட்புகுந்தனர். செருமானியப் பெண்மணி மரியா சிபில்லா மேரியன் 1699ஆம் ஆண்டு தம் மகளுடன் கடல் கடந்து தென்னமெரிக்கச் சூரினாம் சென்று, புழுக்களையும் அவை உண்ணும் செடிகளையும் ஒரே தாளில் எழுதி 1705இல் நூலாக வெளியிட்டார். இன்ன புழு இன்ன செடியில் வாழும் என்னும் உண்மை அவர் ஓவியத்தின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் பிளாக்குவெல் கடன்பட்டுச் சிறைப்பட்ட கணவனை மீட்கும் பொருட்டு மருந்துச் செடிகள் 500இனை எழுதி, தாமே செப்புத் தகட்டில் செதுக்கி, தாமே வண்ணமிட்டு 1737 முதல் 1739 வரை வெளியிட்டார். 1735இல் சுவீடன் நாட்டு லின்னேயசு பூவின் ஆண் உறுப்புகளையும் பெண் உறுப்புகளையும் எண்ணி வகுக்கும் முறையைக் கூறியபின், பூவைக் கூர்ந்து நோக்கி எண்ணக்கூடிய எவரும் செடிநூல் பயிலலாம் என்னும் நிலை உண்டாயிற்று. அதுவே வேறொரு வசைக்கும் இடந்தந்தது. பூவின் உறுப்புகளைப் பெண்கள் ஆராய்வது நாணத்துக்கு ஒவ்வாது என்று 1798இல் ஆங்கிலப் புலவர் ஒருவர் செய்யுளாகவே எழுதி இகழ்ந்தார். பூக்கொய்யும் மகளிரைப் பாடுவதில் புலவர்க்கு எந்நாட்டிலும் தடையில்லை. பூவை அவர்கள் பிளந்து பார்க்கும்போதுதான் தடை தோன்றும் போலும். 1788இல் நிறுவப்பட்ட இலண்டன் லின்னேயன் கழகம் மகளிரை உறுப்பினராகத் தேர்ந்தது 1904இல்தான்.

இந்நிலையில் 1801ஆம் ஆண்டு சென்னையில் உச்சநீதிமன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் நீதிபதிகளுள் ஒருவராக வந்த என்றி குவில்லிம் என்பாருடன் அவர் மனைவி எலிசபெத்தும் மனைவியின் தங்கை மேரி சைமண்டசும் வந்தனர். எலிசபெத் 1763இல் பிறந்தவர். சென்னையில் அவர் வாழ்ந்தது ஆறாண்டுகளுக்குச் சிறிது கூடுதலான காலமே. 1807ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இந்நகரிலேயே இறந்து, கோட்டையிலுள்ள தூய மரியாள் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாறாண்டில் அவர் எழுதிய பறவை ஓவியங்கள் 121 இன்று கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றுட் பல பறவையின் முழு அளவிலேயே எழுதப்பட்டவை. கண் மருத்துவரும் பறவைநூல் ஆர்வலருமாகிய கேசி உட் என்பவர் 1924இல் இலண்டனில் அவற்றைக் கண்டு வாங்கும்வரை அவ்வோவியங்களை உலகம் அறியாதிருந்தது. பறவை ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற அமெரிக்கர் ஆடுபன் தம் பெருநூலை வெளியிடத் தொடங்கியதற்கு இருபதாண்டு முன்னரே இவர் தம் பணியை முடித்துவிட்டார். மீன்களும் பூக்களும் எழுதிய தாள்களும் அத்தொகுதியில் உள்ளன. சகோதரியர் இருவரும் தாயகத்துக்கு எழுதிய கடிதங்கள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் நான்கு தொகுதிகளாகப் போற்றப்படுகின்றன.

இவரைப் பறவை ஓவியராகவே பலரும் பேசுவர். எஞ்சியவற்றுள் பறவைகளே மிகுதியாதலின் அது இயல்பே. ஆயின் அவர் உள்ளம் செடிநூலிலும் ஆழ ஈடுபட்டிருந்தது. சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு விதைகளை அனுப்பினார். செடிநூலை முறையாகக் கற்க விரும்பி ஆசிரியர் ஒருவரை நாடினார். நாட்டு மொழியறிவின்றி நாட்டுச் செடிகளை அறியவியலாது என்பதை உணர்ந்தவர்போலத் தெலுங்கு மொழியும் பயின்றார். அவ்வாசிரியர் யாவர் என்பதே தமிழ்த்துறையினராகிய நமக்குச் சுவை பயப்பது. அவர் யோவான் பீட்டர் ராட்லர்.

ராட்லர் பெயர் தமிழ் அகராதி வரலாற்றில் யாவரும் அறிந்தது. 1749இல் பிறந்து 1776இல் தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டராக வந்தவர், பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் மறைந்தார். அவர் தொகுத்த தமிழ் ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. எஞ்சிய பகுதிகளை அவர் மறைவுக்குப் பின்னர்ப் பிறர் முற்றுவித்து 1841இல் நிறைவாக்கினர். அகராதியாசிரியராக நாம் போற்றும் இவரைச் செடிநூலுலகம் செடி தொகுத்தவராகவே அறியும். அவர் உலர்த்தித் தொகுத்த செடிகள் இலண்டன் கிங்சு கல்லூரியை அடைந்து, அதன்பின் கியூ நகரத்துச் செடிநிலையத்துக்குச் சென்றன. அவர் பெயரால் ராட்லெரா என ஒரு மர இனம் வழங்கிற்று. நிறமூட்டும் செந்தூளாகிய கபிலப்பொடி தரும் மரம் அவ்வினத்தில் வைத்து எண்ணப்பட்டிருந்தது. பிற்காலத்தார் அவ்வினப்பெயரை நீக்கி வேறு பெயர் தந்துவிட்டனர்.

1799இன் பிற்பகுதியில் ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று மீண்டார். வழியிற் கண்ட செடிகளைக் குறித்து அவர் எழுதியது, செடிநூலறிஞர் வில்தெனோவின் குறிப்புகளுடன் 1803இல் பெர்லினில் அச்சாயிற்று. தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் செல்வோர் கடலோரமாகச் சென்றால் மரக்காணத்தையும், உள்வழியாகச் சென்றால் திண்டிவனப் பகுதியையும் கடந்தே தீரவேண்டும். நல்லியக்கோடன் நாட்டைத் தவிர்த்துச் செல்ல வழியில்லை. ஆற்றுப்படைப் பாணன் நடந்த நிலத்தில், ஏறத்தாழ பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காலம் கழிந்தபின், பூக்களை நோக்கிக்கொண்டே மற்றொருவர் நடந்தார். பாணன் பரிசில் நாடிச் சென்றான். ராட்லர் பெயர் நாடிச் சென்றார். அவ்வாறு நடந்து பழகிய கண்ணையே அவர் சில ஆண்டுகளுக்குப்பின் சென்னையில் குவில்லிம் பெருமாட்டிக்கு ஆசிரியராகி வழங்கினார்.

மாணவியின் நினைவாக அவர் ஓரினத்துக்குக் குவில்லிமியா எனப் பெயரிட்டார். அச்செடி நம் சண்பகத்துக்கு உறவினது; சீன நாட்டைத் தாயகமாகக் கொண்டு தோட்டங்களில் வளர்க்கப்படும் சிறுமரம். பிற்காலத்தார் அதனைத் தனி இனமாகக் கொள்ளாமல் மக்னோலியா என்னும் பேரினத்துள் அடக்கினர். ஆயினும் அப்பேரினத்தின் ஓர் உட்பிரிவுக்குக் குவில்லிமியா என்னும் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. நம் சண்பகத்தையும் இன்று மக்னோலியாவிலேயே சேர்த்துள்ளனர். ஆதலின் குறிஞ்சிப்பாட்டுத் தோழி கூறும் பூக்களுள் ஒன்றும், சென்னையில் மறைந்த ஆங்கிலப் பெண்ணின் பெயர் தாங்கிய பிரிவும் இப்பொழுது ஒரே குடும்பத்துள் ஒரே பேரினத்தில் அமைந்துவிட்டன.

இவர்க்குச் சிறிது முன்னர், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் மனைவி என்றியெட்டா 1798இல் மகளிர் இருவருடன் வந்து, 1800இல் மைசூர்வரை நெடும்பயணம் செய்து செடிகளும் விதைகளும் திரட்டினார். மகளிருள் இளையவராகிய சார்லட் புளோரன்சியா அப்பொழுது பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமி. பின்னாளில் 1828இல் கிளைவியா எனப் பெயர் பெற்ற செடி அவரை நினைந்தே பெயரிடப்பட்டது. அதுவும் இந்தியச் செடியன்று, தென்னாப்பிரிக்கச் செடி. பெயர் ஓரிடத்தும் செடி ஓரிடத்துமாக நிற்பது செடிநூலில் புதுமையன்று.

குவில்லிம் ஓவியங்களின் தனிச்சிறப்பு யாது? அவர் உலர்ந்த தோலையும் பஞ்சடைத்த உடலையும் நோக்கி எழுதியவர் அல்லர். பறவை பிடிப்போர் உயிருடன் கொணர்ந்தவற்றைக் கண்முன் வைத்து எழுதினார். செடிக்கும் இஃது ஒக்கும். உலர்த்தி அழுத்திய செடி உருவத்தைக் காக்கும், நிறத்தைக் காவாது. நீலமும் ஊதாவும் பழுப்பாகும்; எளிதில் உதிரும் இதழ் உலர்த்தும் தாளுக்கு வருமுன்னரே உதிர்ந்துவிடும். சதைப்பற்றுள்ள கனி சுருங்கிப்போகும். ஆதலின் ஓவியம் உலர்செடிக்கு அணியாக அமைந்ததன்று; உலர்செடி இழந்ததை ஈடு செய்ய வந்தது. கலையும் அறிவியலும் இங்குக் கைகோத்தது ஒன்றையொன்று பாராட்டும் பொருட்டன்று. ஒன்றில் உள்ள குறையை மற்றொன்று நிரப்பும் தேவையின்பொருட்டே.

ஆயின் பறவையைப் பிடித்து வந்தவர் யார்? செடியைப் பறித்து வந்து, அதன் பெயரை நாட்டு மொழியில் சொன்னவர் யார்? கடிதங்களும் ஓவியங்களும் அவர்களை வேலையாட்களாகவே காட்டும். ஓவியத்தின் அடியில் ஒருவர் பெயரே எழுதப்படும். அதற்குப் பின்னின்ற கைகள் பல. இந்திய ஓவியர்களின் நிலை இதனினும் சிறிது மேம்பட்டது. இராபர்ட்டு வைட்டு 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளாகிய தென்னாட்டுச் செடிப்பட நூலில் 2101 படங்கள் உள்ளன. அவற்றுக்கு மூலம் எழுதியோருள் ரங்கய்யா, கோவிந்து என்னும் இருவர் பெயர் நமக்குக் கிடைக்கின்றது. கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயா என்று ஓர் ஆர்க்கிடு இனத்துக்கு வைட்டு பெயரிட்டமை, அக்காலத்து ஆட்சியாளரிடம் அரிதிற் காணும் நன்றியுணர்வு. எனினும் அவ்விருவரும் ஆடவர். நாட்டுப் பெண்ணொருத்தியின் பெயர் தாங்கிய செடிப்படம் அத்தொகுதிகளில் இல்லை.

ஈண்டுச் சிலர் ஒரு விடை கூறுவர். நம் மகளிர் எழுதாதவர் அல்லர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வைகறைதோறும் வாயிலில் கோலமிடும் ஒவ்வொருத்தியும் பூ எழுதுபவளே என்பர். இக்கூற்று செவிக்கு இனியது, ஆராய்ச்சிக்கு உடன்படாது. கோலத்தில் வரும் தாமரை புள்ளிக் கணக்குக்கு அடங்கிய தாமரை. எட்டுப் புள்ளிக்கு எட்டு இதழாயின் அதன் இதழ் எட்டு, பதினாறாயின் பதினாறு. குளத்துத் தாமரையின் இதழ் எத்தனை என்று கோலமிடுவாள் எண்ணுவதில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவட்கில்லை. கோலம் ஒழுங்கை எழுதும் கலை. செடியோவியம் வேற்றுமையை எழுதும் கலை. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவது கோலத்துக்கும் பெருமை தாராது. நம் மகளிர்பால் செடியறிவு இருந்தது. எழுதும் கையும் இருந்தது. அவ்விரண்டையும் ஒரு தாளில் கூட்டும் வாய்ப்பும், தாளைக் காக்கும் நிறுவனமும் மட்டுமே இல்லை. குவில்லிம் பெருமாட்டிக்கும் அவர் வீட்டுத் தோட்டத்தில் களைபறித்த பெண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு அறிவின் வேறுபாடு என்பதனினும் தாளின் வேறுபாடு என்பதே பொருந்தும்.

குவில்லிம் மறைந்து எழுபதாண்டு கழித்து, 1877ஆம் ஆண்டின் இறுதியில் மரியான் நார்த்து என்னும் ஆங்கிலப் பெண்மணி இலங்கை வழியாகத் தென்தமிழ்நாட்டை அடைந்தார். 1830இல் பிறந்த இவர் மணம்புரியாது தந்தையின் மறைவுக்குப்பின் தனியே உலகைச் சுற்றிச் செடிகளை எழுதியவர். தஞ்சையில் நீதிபதியாக இருந்தவரும் அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவருமான பர்னலின் விருந்தினராகத் தங்கினார். இந்துக்கள் தெய்வத்தன்மை உடையனவாகக் கருதும் செடிகளை ஆராய்ந்து வந்த பர்னலின் விருப்பத்துக்கிணங்க அச்செடிகளை எழுதித் தந்தார். சுவடியறிஞர் ஒருவர் செடியைச் சொல்லால் ஆராயவும், ஓவியர் அச்சொல்லுக்கு உருவந்தரவும் அமைந்த அக்கூட்டுறவு நிறைவேறியிருந்தால் நம் தலமரங்களைப் பற்றிய முதல் விளக்கப்பட நூல் அன்றே கிடைத்திருக்கும். பர்னல் 1882இல் இளவயதிலேயே இறந்தார். அதே ஆண்டில் நார்த்து தம் செலவில் கட்டிய ஓவியக்கூடம் கியூ நகரில் திறக்கப்பட்டது. எண்ணூற்றுக்கு மேற்பட்ட அவர் ஓவியங்கள் இன்றும் அச்சுவர்களை இடைவெளியின்றி நிறைத்துள்ளன.

நார்த்தின் முறையைச் செடிநூலார் சிலர் குறை கூறுவர். அவர் நீர்வண்ணத்தை விடுத்து எண்ணெய்வண்ணத்தில் எழுதினார். வெற்றுத்தாளின் நடுவே செடியைத் தனித்து நிறுத்தவில்லை. செடி வளரும் நிலம், பின்னால் தெரியும் கோயில், அருகில் நிற்கும் பிற செடிகள் அனைத்தையும் சேர்த்தே எழுதினார். உறுப்புகளைப் பிளந்து காட்டவும் இல்லை. தமிழ் பயின்றவர்க்கு இக்குறை குறையாகத் தோன்றாது. முதலும் கருவும் உரியும் பிரிக்கவொண்ணாதன என்று கற்றவர் நாம். நத்தத்தனார் புன்னையை எழுதியதும் கடலோடு சேர்த்தே. கழிமுள்ளியை எழுதியதும் கழியோடு சேர்த்தே. குவில்லிம், நார்த்து ஆகிய இருவருள் ஆற்றுப்படைப் புலவர்க்கு அணுக்கமானவர் நார்த்து. மரபியல் ஆசிரியர்க்கு அணுக்கமானவர் குவில்லிம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. சென்னையில் 1914இல் தோன்றிய இராணிமேரி கல்லூரியில் பயின்று உலகறிந்த செடிநூலறிஞரான இ. கே. சானகி அம்மாள் (1897–1984) போன்றோர்க்கு ஓவியம் என்னும் பக்கவாயில் வேண்டியிருக்கவில்லை. முன்வாயிலாலேயே சென்றனர். விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த மற்றொரு செய்தியும் உண்டு. வானூர்ப் பகுதியில் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரை நிறுவிய மிர்ரா அல்பாசா (1878–1973), அன்பர்களால் அன்னை என அழைக்கப்பெறுபவர், இளமையில் பாரிசு நகரில் முறையாக ஓவியம் பயின்றவர். அவர் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பூக்களுக்கு அவற்றின் உட்பொருள் இன்னதெனத் தம் உணர்வால் பெயர் சூட்டினார். ஓவியம் பயின்ற கண் பூவின் பெயரை நோக்கித் திரும்பியதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆயின் அது செடிநூற் பெயரீடு அன்று; வெட்சி நிரைகவர்தலையும் வாகை வெற்றியையும் குறித்த நம் புறத்திணை மரபோடு வைத்து எண்ணத்தக்கது.

இனிச் செருந்திக்கு மீள்வாம். சங்கச் செடிகளை இனங்காணும் முயற்சியில் பி. எல். சாமியின் சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம் என்னும் நூல் நமக்குப் பெருந்துணை. பொன்னிறப் பூவுடைய செருந்தி மரத்தைச் செடிநூலார் ஓக்னா என்னும் இனத்தில் வைப்பர். சோழமண்டலக் கடற்கரையில் ஆங்காங்கே ஐயனார் காடுகளாகவும் கோயிற்காடுகளாகவும் எஞ்சிநிற்கும் உலர் பசுமைமாறாக் காடுகளுக்கு உரிய சிறுமரம் அது. மரக்காணத்துக்கு அணித்தாகிய கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அத்தகைய காடுகளுள் பெயர்பெற்றது.

இம்மரத்தின் பூவை முறையாக எழுதப் புகும் ஓவியர் ஒரே படத்தோடு அமையமாட்டார். இரண்டு படம் எழுதல் வேண்டும். முதற் படத்தில் ஐந்து மஞ்சள் இதழும் நடுவே திரண்ட மகரந்தத் தாள்களும் பொன்போல் ஒளிரும். இவ்விதழ்கள் நெடிது நில்லா, விரைவில் உதிர்ந்துவிடும். உதிர்ந்தபின் புல்லிதழ்கள் வீழாது நின்று சிவக்கத் தொடங்கும்; பூத்தளமும் பருத்துச் சிவக்கும்; அதன்மேல் கரிய சிறுகனிகள் வட்டமாக அமரும். இரண்டாம் படத்தில் பொன் இராது. செம்மையும் கருமையுமே இருக்கும். மரத்தை அறியாதவர் இரு படத்தையும் இரு வேறு செடி என்றே கொள்வர்.

நத்தத்தனார் செருந்தியைப் பொன்னென மயக்கும் என்று வாளா கூறினாரல்லர். அதற்குத் தலைநாள் என்று ஓர் அடைமொழி கொடுத்துள்ளார். தாழைக்கும் முண்டகத்துக்கும் புன்னைக்கும் அவர் கொடுத்த அடைகள் இடத்தையும் கருப்பத்தையும் அடிமரத்தையும் பற்றியன; செருந்திக்கு மட்டும் காலத்தைப் பற்றிய அடை. முதல்நாளில் பூத்தது என்றோ பூக்குங் காலத்துத் தொடக்கம் என்றோ இதற்குப் பொருள் கொண்டு மேற்செல்லலாம். இதழ் விரைந்துதிரும் மரத்தின் இயல்பை அறிந்தபின் இவ்வடைக்குத் தனி ஆற்றல் உண்டாகின்றது. பொன்னாக மயக்குவது முதல்நாட் பூவே. பின்னாட் பூ மயக்காது. புலவர் கண்டது கோரையன்று, மரமே என்பதற்கு இவ்வொரு சொல் சான்றாகக் கூடும் என்பது என் கருத்து. கோரையின் பூக்கதிர்க்கு இத்தகைய நிறமாற்றம் இல்லை. பொன்னோடு ஒப்பிடுதற்கு ஏற்ற பொலிவும் இல்லை.

தாழைக்கும் இம்முறையை ஏற்றிப் பார்க்கலாம். தாழையில் ஆணும் பெண்ணும் வேறுவேறு செடி. அன்னத்தின் சிறகுபோல் வெண்மடல் விரித்து மணம் பரப்புவது ஆண் தாழையின் பூங்கொத்தே. பெண் தாழை அன்னாசிபோல் காய்க்கும். ஆதலின் எயிற்பட்டினத்து வழியில் பாணன் கண்டு நின்றது ஆண் தாழை.

திண்டிவனத்தை அடுத்த ஔவையார்குப்பத்தில் 1902இல் பிறந்த உரைவேந்தர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளை சங்க நூல்களுக்கு உரை வரைந்த வட்டாரம் அறிந்த புலமைக்கு உரியவர். அவர் பிறந்த ஊரிலிருந்து மரக்காணக் கடற்கரை தொலைவில் இல்லை. செருந்தி வேனிற் பருவத்தில் பூப்பது. அப்பருவத்தில் முதுகலை மாணவர் அக்கோயிற்காட்டுக்குச் சென்று, மலர்ந்த நாளிலும் அதன்பின் ஒருவாரம் கழித்தும் ஒரே கிளையை இரு தாள்களில் எழுதி வருவாராயின், ஆற்றுப்படையின் அவ்வடிக்கு அவ்விரு தாள்களும் ஓர் உரையாகும்.